காலனிய அமெரிக்க அச்சுப் பிரதிகளில் பெண் அச்சகத்தாரை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி – வாசிப்பறை

நூலக அறிவியல் மாணவர்களுக்கான பயிற்சி ஏடு ஒன்று தயாராகிறது. 1639 முதல் 1820 வரை அமெரிக்காவில் அச்சுக்கூடம் நடத்திய பெண்களின் பட்டியல் அதில் ஒரு பகுதி. கையில் இருப்பவை ஸ்கேன் செய்த செய்தித்தாள்கள், சட்டத் தொகுப்புகள், ஒற்றைத்தாள் அறிவிப்புகள். இம்பிரிண்ட் வரியில் (யார், எங்கே அச்சிட்டார் என்று அடியில் போடும் வரி) பெண் பெயர் இருந்தால் சேர்ப்பது, இல்லாவிட்டால் விடுவது என்பதுதான் இப்போதைய முறை. இது போதுமா? இரண்டாவது சந்தேகம்: இந்தப் பெண்கள் எழுத்துக் கோத்து, அச்சுவேலை தெரிந்து நடத்தினார்களா, அல்லது கணவர் இறந்ததால் பெயரளவில் முதலாளியானவர்களா? மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

பதில் 1 – பழந்தாள்

போதாது. இம்பிரிண்டை மட்டும் நம்பினால் முக்கியமானவர்களே விடுபட்டுப் போவார்கள்.

முதல் உதாரணம் சார்ல்ஸ்டன். லூயிஸ் திமொதி 1738 டிசம்பரில் இறந்தார். அவர் நடத்திய சவுத் கரோலைனா கெஸட் நிற்கவில்லை, 1739 ஜனவரி 4 இதழ் வந்துவிட்டது. அதன் இம்பிரிண்டில் இருப்பது பீட்டர் திமொதி. பீட்டருக்கு அப்போது வயது 13. தாளை நடத்தியது அவருடைய தாய் எலிசபெத். பெஞ்சமின் ஃபிராங்க்ளினோடு லூயிஸ் 1733இல் போட்ட கூட்டு ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கானது. அச்சுப்பொறியும் எழுத்துகளும் ஃபிராங்க்ளின் தருவார். செலவில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது, லாபத்திலும் மூன்றில் ஒரு பங்கு. லூயிஸ் இறந்தபின் ஒப்பந்தத்தில் மீதியிருந்த காலத்துக்கு மகன் பெயர் முன்னால் நின்றது. ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில், ஹாலந்தில் பிறந்து வளர்ந்த இந்தப் பெண் கணக்கு கற்றவர், காலாண்டு தவறாமல் ஒழுங்காகக் கணக்கு அனுப்பினார், கணவர் அனுப்பிய கணக்கோ திருப்தியாக இருந்ததில்லை என்று எழுதுகிறார். பிறகு அவரிடமிருந்து அச்சுக்கூடத்தையே விலைக்கு வாங்கி மகனை அதில் உட்கார வைத்ததும் எலிசபெத்தான். உங்கள் முறைப்படி இவர் பட்டியலுக்கு வெளியே.

இந்த உதாரணத்திலேயே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 1752க்கு முன் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சட்டப்படி ஆண்டு பிறப்பது மார்ச் 25இல். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் இதழ்களில் பழைய ஆண்டே அச்சாகியிருக்கலாம். எலிசபெத்தின் முதல் இதழை அப்படியே 1738 என்று பதிந்தால், கணவர் சாவதற்குப் பதினோரு மாதம் முன்பே மனைவி பொறுப்பேற்றதாகிவிடும். பதிவேட்டில் 1738/39 என்று இரண்டையும் போடுங்கள்.

இரண்டாவது, பால்டிமோரின் மேரி கேத்தரின் காடர்ட். மேரிலாந்து ஜர்னலை 1773இல் தொடங்கியவர் தம்பி வில்லியம். 1774 தொடக்கத்தில் அவர் தபால் சேவை அமைக்கக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து கூடம் அக்காவின் கையில். ஆனால் அவர் பெயர் இம்பிரிண்டில் ஏறியது 1775 மே 10 அன்று, அதுவும் எம். கே. காடர்ட் என்று முதலெழுத்துகளாக. இடைப்பட்ட ஓராண்டுக்கு மேலான இதழ்களில் அவர் இல்லவே இல்லை. அதற்கு முன் ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா கிரானிகிள் கூடத்தைக் கவனித்த ஆண்டுகளிலும் இதே கதை.

மூன்றாவது வகைதான் கண்ணுக்குத் தப்புவது. ஹார்ட்ஃபர்டில் கனெக்டிகட் கூரன்ட் தாளின் எபனீசர் வாட்சன் 1777 செப்டம்பரில் இறந்தார். அதன்பின் வந்த இதழ்களில் ‘வாட்சன் அண்ட் குட்வின்’ என்றிருக்கும். அந்த வாட்சன் யார்? மனைவி ஹன்னா. 1779இல் அவர் பார்சிலாய் ஹட்சனை மணந்ததும் வரி ‘ஹட்சன் அண்ட் குட்வின்’ ஆகிவிட்டது. ஹன்னாவின் சொந்தப் பெயர் தெரியாமலே வந்து, தெரியாமலே மறைந்தது.

மற்றவை சுலபம். நியூபோர்ட்டின் ஆன் ஃபிராங்க்ளின் 1745 ரோட் ஐலண்ட் சட்டத் தொகுப்பில் ‘விதவை ஃபிராங்க்ளின்’ என்று இருப்பார். பிராவிடன்ஸில் காடர்டின் தாய் சாரா ‘சாரா காடர்ட் அண்ட் கம்பெனி’. அன்னபொலிஸின் ஆன் கேத்தரின் கிரீன் முழுப்பெயரோடு இருப்பார். சில ஆண்டுகளில் ‘அண்ட் சன்’ சேரும். அந்த மகன் முதலில் வில்லியம், அவர் 1770இல் இறந்தபின் ஃபிரெட்ரிக். ஒரே ஆள் என்று நினைத்து இணைத்துவிடாதீர்கள்.

வில்லியம்ஸ்பர்க் வந்தால் கூடுதல் எச்சரிக்கை. வர்ஜீனியா கெஸட் என்ற ஒரே பெயரில் ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள் வந்தன. 1773 ஆகஸ்டில் கணவர் வில்லியம் ரிண்ட் இறந்தது முதல் 1774 செப்டம்பரில் தான் இறக்கும் வரை கிளமென்டினா ரிண்ட் நடத்தியது அவற்றில் ஒன்றுதான். தலைப்பை வைத்துத் தேடினால் போட்டிக்காரர் இதழும் கலந்து வரும். கடைசிப் பக்கத்து அடிவரியைப் பார்த்தால்தான் பிரியும். ஜெஃபர்சனின் புகழ்பெற்ற 1774 துண்டுநூலை (பிரிட்டிஷ் அமெரிக்காவின் உரிமைகள் பற்றியது) முதலில் அச்சிட்டவர் இவர். முகப்பில் நூலாசிரியர் பெயர் இல்லை, அச்சிட்டவர் பெயர் இருக்கிறது!

பதில் 2 – ஈயத்தூள்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘அச்சுவேலை’ என்று ஒரே சொல்லில் கேட்டால் பதில் கிடைக்காது. கூடத்தில் நடந்த வேலைகளைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கோப்பு வேலை: கேஸ் (எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் தட்டு) முன்னால் நின்று, கம்போசிங் ஸ்டிக்கில் (கையில் பிடிக்கும் சிறு கோப்புச் சட்டம்) ஒவ்வொரு எழுத்தாக, தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்குவது. வரி நிரம்பியதும் சொற்களுக்கு நடுவே இடைவெளித் துண்டுகளைச் செருகியோ எடுத்தோ அகலத்தைச் சரியாக்க வேண்டும். ஒரு வரி தளர்ந்திருந்தாலும் அச்சின்போது எழுத்து மேலே கிளம்பும், மை உருண்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். நல்ல கை மணிக்குச் சுமார் 1,000 எழுத்து கோக்கும். அச்சான பிறகு பாரத்தை (அச்சுக்காகச் சட்டத்தில் பூட்டிய எழுத்துத் தொகுதி) சாம்பல்காரத் தண்ணீரில் கழுவி, எழுத்தை மறுபடி அறை அறையாகப் பிரித்துப் போட வேண்டும். கோத்த நேரத்தில் கால்பங்காவது இதற்குப் போகும். லண்டனிலிருந்து எழுத்து வரவழைத்த காலம், இருப்பு குறைவு. பிரித்துப் போடாமல் அடுத்த பக்கம் கோக்க முடியாது.

இந்த வேலையைப் பெண்கள் செய்ததற்குச் சாட்சி உறுதியாகவே இருக்கிறது. 1810இல் அமெரிக்க அச்சு வரலாறு எழுதிய ஐசையா தாமஸ், தானே தொழில்காரர்; மேரி கேத்தரின் காடர்டைத் தேர்ந்த, பிழையில்லாத கோப்பாளர் என்கிறார். ஆன் ஃபிராங்க்ளினின் மகள்களைப் பற்றியும் அவருடைய கணிப்பு அதுதான்: கை வேகம், பிழை கிடையாது. தொழில்காரர் தொழில்காரருக்குத் தரும் சான்று அது, மரியாதைக்குச் சொன்னதில்லை.

பொறி வேலை வேறு. மரப்பொறிக்கு இரண்டு பேர். ஒருவர் மை தட்டுபவர். ஆட்டுத்தோலுக்குள் கம்பளியோ குதிரைமயிரோ அடைத்து, மரக்கைப்பிடி போட்ட இரண்டு உருண்டைகளால் எழுத்தின்மேல் மை தட்டுவார். மற்றவர் இழுப்பவர். தாளைச் சட்டத்தில் வைத்து, மடித்து, படுகையை உள்ளே உருட்டி, நெம்புகோலை இழுப்பார். அழுத்தும் பலகை பாரத்தில் பாதியைத்தான் மூடும் என்பதால் ஒரு பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. மணிக்கு 240 தாள் என்பது தொழில் கணக்கு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். 500 பிரதி விற்கும் தாளுக்கு இரு பக்கமும் சேர்த்து 1,000 தடவை அச்சு, அதாவது 2,000 இழுப்பு. தடங்கல் இல்லாவிட்டால் நான்கு மணி நேரத்துக்கு மேல்.

இதற்குப் பெரும்பாலும் கூலிக்கு ஆள் வைத்தார்கள், பயிற்சிப் பையன்களை வைத்தார்கள், அடிமைகளையும் வைத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் கெஸட்டில் பொறி இழுத்த பிரைமஸ் ஃபவுல் ஓர் அடிமை. ஆண் முதலாளிகளில் எத்தனை பேர் தாமே நெம்புகோல் இழுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெண் என்றதும் இழுத்தாரா இல்லையா என்ற விசாரணை வந்துவிடுகிறது. மாணவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது வேலையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: தயாரிப்பு. கந்தல் துணிக்கூழில் செய்த கெட்டித் தாளை முந்தின இரவே நனைக்க வேண்டும். தாள்களைக் கட்டுக்கட்டாகத் தண்ணீரில் முக்கி, நனைத்ததும் நனைக்காததுமாக மாற்றி அடுக்கி, மேலே பாரம் வைத்தால் காலைக்குள் ஈரம் சீராகப் பரவும். ஈரம் கூடினால் மை பிடிக்காது, எழுத்தின் ஓரம் கசியும். குறைந்தால் அச்சு திட்டுத்திட்டாக விழும். அதைச் சரிக்கட்ட இழுப்பவர் பலமாக இழுப்பார். ஈய எழுத்தின் முகம் நசுங்கும். மை உருண்டைத் தோல் காய்ந்து விறைக்காமல் இருக்க இரவில் மூத்திரத்தில் ஊறவைப்பார்கள். (நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். கூடமும் வீடும் பல ஊர்களில் ஒரே கூரைக்குள்.) அச்சான ஈரத்தாளைக் கொடியில் உலர்த்துவது, மடிப்பது, தைப்பது, சந்தாக் கணக்கு, தாள் ஆலைக்குப் பழந்துணி சேர்ப்பது எல்லாம் குடும்பமே பார்த்தது. கணவர் உயிரோடிருந்த காலத்திலேயே மனைவிக்குக் கூடத்தின் நடைமுறை அத்துப்படி. இல்லாவிட்டால் எலிசபெத் திமொதியோ கிளமென்டினா ரிண்டோ வாரத்தாளை இடைவெளி இல்லாமல் நகர்த்தியிருக்க முடியாது.

வாசிப்பறை

இருவருக்கும் நன்றி. அப்படியானால் டைனா நட்ஹெட் விஷயம் எப்படி? எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஓரிடத்தில் இருக்கிறது. அவரைச் சேர்ப்பதா?

பதில் 3 – ஆவணக்கட்டு

சேருங்கள், ஆனால் குறிப்போடு. மேரிலாந்தில் கணவர் வில்லியம் நட்ஹெட் 1695இல் இறந்தார். தலைநகர் செயின்ட் மேரிஸ் சிட்டியிலிருந்து அன்னபொலிஸுக்கு மாறியபோது டைனாவும் பொறியை அங்கே கொண்டுபோய், 1696இல் உரிமம் கேட்டு வாங்கினார். 100 பவுண்டு பிணைப்பத்திரம். அச்சிடலாம் என்று அனுமதித்தது வெற்றுப் படிவங்கள் மட்டும். பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதில் கீறல் குறி போட்டிருக்கிறார். அந்தக் குறியிலிருந்து கையெழுத்துப் போடத் தெரியாது என்பதுதான் நிச்சயம். அக்காலத்தில் வாசிக்க மட்டும் கற்று, எழுதக் கற்காத பெண்கள் ஏராளம். இரண்டும் தனித்தனிப் பாடமாக இருந்தன. ஆகவே ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று போடாதீர்கள், ‘குறியிட்டார்’ என்று போடுங்கள். கோப்பு வேலைக்குக் கூலியாள் வைத்திருப்பார் என்று நினைக்கலாம். உரிமம், பொறுப்பு, பிணை மூன்றும் அவர் பெயரில் என்பதே அவரைச் சேர்க்கப் போதும். படிவங்கள்தானே என்று இளக்காரமும் வேண்டாம்: பிணைமுறி, வாரன்ட், சரக்குச்சீட்டு போன்ற துண்டு வேலைதான் அந்தக் கூடங்களுக்குக் கையில் காசு காட்டியது.

இன்னொன்று, பழந்தாள் சொல்லாமல் விட்டது: இம்பிரிண்டில் ஏன் விதவைகளாகவே வருகிறார்கள் என்பது. ஆங்கிலப் பொதுச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. ஒப்பந்தம் போடவோ கடன் வசூலிக்க வழக்குப் போடவோ கணவர் பெயரில்தான் முடியும். அவர் இறந்ததும் அந்த உரிமைகள் மனைவிக்குத் திரும்புகின்றன, கடனும் கூடவே வருகிறது. மறுமணம் செய்தால் மீண்டும் போய்விடும். ஹன்னா வாட்சன் பெயர் மறைந்தது இதனால்தான். காடர்டும் ஃபிலடெல்ஃபியாவின் ஜேன் ஐட்கனும் மணமே செய்யாதவர்கள், ஆகவே கணவர் இறப்பு என்ற முறை அவர்களுக்குப் பொருந்தாது. ஐட்கன் தந்தை ராபர்ட்டின் கூடத்தை 1802இல் கடனோடு ஏற்றார். 1808இல் சார்ல்ஸ் தாம்சன் மொழிபெயர்த்த பைபிளை நான்கு தொகுதியாக அச்சிட்டார், நேர்த்தியான வேலை. கடன் மட்டும் தீரவில்லை.

சாட்சி தேடும் வரிசை என் கணிப்பில் இப்படி: முதலில் சட்டமன்றப் பணப்பட்டுவாடாப் பதிவு, இரண்டாவது சொத்து நிர்வாக அறிவிப்பு (இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவர் வெளியிடுவது), இம்பிரிண்ட் மூன்றாவதுதான். அரசு அச்சுவேலைக்குப் பணம் யார் பெயரில் கொடுத்தார்கள் என்பதில் ஒளிவு மறைவு இருக்காது. ஆன் ஃபிராங்க்ளின் பிள்ளைகளைக் காப்பாற்ற வேலை தாருங்கள் என்று 1736இல் ரோட் ஐலண்ட் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார், அரசு வேலையைப் பெற்றார். ஆன் கேத்தரின் கிரீனுக்கு மேரிலாந்து கூலி கொடுத்தது புகையிலையாக, பவுண்டு கணக்கில்; அங்கே அதுதான் பணம். தொகைக் கட்டத்தில் எடை இருந்தால் மாணவர்கள் திகைக்கக் கூடாது, காசாக மாற்றி எழுதவும் கூடாது. கிளமென்டினா ரிண்டை அரசு அச்சாளராக்க வர்ஜீனியாப் பேரவையில் வாக்கெடுப்பே நடந்தது.

ஹன்னா வாட்சனுக்கும் இதே வழிதான் கைகொடுக்கும். 1778 ஜனவரியில் கூரன்டுக்குத் தாள் தந்த ஆலை எரிந்தது. ஆலைப் பங்காளியின் விதவை சாரா லெட்யர்டும் ஹன்னாவும் சேர்ந்து கனெக்டிகட் சட்டமன்றத்தில் மனுக் கொடுத்து, லாட்டரி நடத்தி ஆலையைத் திரும்பக் கட்ட அனுமதி வாங்கினார்கள். இம்பிரிண்டில் வெறும் ‘வாட்சன்’. மனுவில் ஆள் நேராக நிற்கிறார்.

பதில் 4 – ஈயத்தூள்

ஆவணக்கட்டு சொன்ன வரிசை செய்தித்தாளுக்கும் அரசு வேலைக்கும் சரி, ஒற்றைத்தாளுக்கு ஒத்துவராது. 1777இல் காடர்ட் அச்சிட்ட சுதந்திரப் பிரகடனத்தையே எடுங்கள். முதல் அச்சு 1776 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் டன்லப் செய்தது. அதில் காங்கிரஸின் (குடியேற்றங்களின் கூட்டு மன்றம்) தலைவர் ஹான்காக், செயலர் தாம்சன் இருவர் பெயர் மட்டும். போருக்கு அஞ்சி காங்கிரஸ் பால்டிமோருக்கு நகர்ந்தபோது, 1777 ஜனவரி 18 அன்று, கையெழுத்திட்டவர் பெயர்களோடு பிரதியை ஒவ்வொரு மாநிலத்துக்கும் அனுப்பத் தீர்மானம். அந்த வேலை காடர்டுக்கு வந்தது. அதன் அடியில் வழக்கமான எம். கே. இல்லை, ‘மேரி கேத்தரின் காடர்ட்’ என்று முழுப்பெயர். பிரிட்டிஷார் கையில் சிக்கினால் தூக்கு என்ற நிலையில் போட்ட வரி அது. இங்கே இம்பிரிண்ட்தான் முதல் சாட்சி. பிரதியைச் சோதிக்க ஓர் அடையாளம்: பெயர்ப் பட்டியலில் டெலவேரின் தாமஸ் மெக்கீன் இருக்க மாட்டார். இருந்தால் அது காடர்டின் அச்சு ஆகாது.

1775 முதல் பால்டிமோர் தபால் தலைவராகவும் இருந்த காடர்டை அந்தப் பதவியிலிருந்து 1789இல் நீக்கினார்கள். ஊரார் 200க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவும் பலிக்கவில்லை. ஜர்னலிலிருந்து 1784லேயே விலகிவிட்டார், தம்பியோடு தகராறு. பட்டியலில் அச்சகத்தார் என்பதற்கான இறுதியாண்டு 1784. அதன்பின் புத்தகக் கடை.

பதில் 5 – பழந்தாள்

வாசிப்பறை, ஒற்றைத்தாள் விஷயத்தில் ஈயத்தூள் சொல்வது சரி. இன்னும் ஒரு விதிவிலக்கு: எலிசபெத் குளோவர். 1638இல் கணவர் கப்பலிலேயே இறந்துவிட, அச்சுப்பொறியோடும் வேலையாட்களோடும் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் வந்திறங்கியவர். 1,700 பிரதி அச்சான 1640 சங்கீதப் புத்தகத்தின் (பைபிளின் துதிப்பாடல்கள்) முகப்பில் ஆண்டு மட்டும்தான், அச்சிட்டவர் பெயரோ ஊரோ கிடையாது. பொறியை இயக்கியது ஸ்டீபன் டே குடும்பம். எலிசபெத் 1641இல் ஹார்வர்டின் முதல் தலைவர் ஹென்றி டன்ஸ்டரை மணந்தார், 1643இல் இறந்தார். பொறி யாருடையது என்பது தெரிவது, பின்னாளில் குளோவர் வாரிசு டன்ஸ்டர் மீது போட்ட சொத்து வழக்கின் பதிவுகளில். அவரை ‘பொறி உரிமையாளர்’ என்று தனிக் கட்டத்தில் வையுங்கள், ‘அச்சாளர்’ வேண்டாம்.

தேடும்போது இரண்டு நடைமுறைத் தொல்லைகள். அக்காலத் தாள் நான்கு பக்கம், ஒரே தாளின் ஒரு மடிப்பு. 1, 4ஆம் பக்கங்கள் சேர்ந்த பாரத்தை முன்கூட்டியே கோத்து அச்சிட்டுவிடுவார்கள். கடைசிநேரச் செய்தி 2, 3ஆம் பக்கங்களில். உரிமையாளர் வாரக் கடைசியில் இறந்திருந்தால் மூன்றாம் பக்கத்தில் இறப்புச் செய்தியும், நான்காம் பக்கத்து அடியில் இறந்தவர் பெயரிலேயே இம்பிரிண்டும் ஒரே இதழில் நிற்கும். அதற்கு அடுத்த இதழையும் பார்க்காமல் மாற்றத் தேதி குறிக்க வேண்டாம்.

மற்றது நீண்ட ‘எஸ்’, அதாவது பார்வைக்கு ‘எஃப்’ போலிருக்கும் பழைய எஸ் வடிவம். 1800 வாக்கில்தான் அது வழக்கொழிந்தது. ஸ்கேன் எழுத்தறி மென்பொருள் பல சமயம் அதை ‘எஃப்’ என்றே படிக்கும். சொத்து நிர்வாகியான விதவையைக் குறிக்கும் ‘அட்மினிஸ்ட்ரேட்ரிக்ஸ்’ என்ற சொல்லைச் சரியான எழுத்தில் தேடினால் அப்படிப்பட்ட இடங்கள் வராது. நடுவிலுள்ள எஸ்ஸுக்கு எஃப் போட்டுத் தேடினால் வரும். காலமானவர் என்று பொருள்படும் ‘டிசீஸ்ட்’ என்பதற்கும் அப்படியே. உயில் இருந்தால் வரும் ‘எக்ஸிக்யூட்ரிக்ஸ்’ சொல்லில் எஸ் இல்லாததால் அதை நேராகவே தேடலாம். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.